உள்ளங்கை வைத்த இடம்

பியர்பொன்ட்ஸில், ஆற்றோரமாக இருந்த வீடொன்றின் பேஸ்மென்ட்டில் அப்போது வாடகைக்கு இருந்தோம். மேலே இருந்த வீட்டுக்காரர் ஒல்லாந்தர். தன் நாட்டில் மந்திரியாக இருந்தவராம். நெட்டையான கிழவர், வீட்டுக்குள்ளும் கழுத்துப்பட்டியைக் கழற்றமாட்டார்.

ஹீட்டர் பார்க்க என்று இறங்கி வருவார், ஆனால் அதைப் பார்க்கவே மாட்டார். பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நிற்பார். எப்போதும் ஒரே இடம், என் நெஞ்சு உயரத்தில்.

“இந்தாளுக்கு என்னப்பா? எனக்குப் பயமாக் கிடக்கு” என்பாள் மனைவி.

ஒருநாள் கேட்டேவிட்டேன். ஆங்கிலத்தில் ஆறுதலாகச் சொன்னார்:

“எங்கள் ஊருக்குள் கடல் வந்தபோது நான் நகரசபையில் இருந்தேன். ஒன்றும் நடக்காது, நிம்மதியாகப் படுங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தண்ணீர் இந்த உயரத்துக்கு வந்தது. அடுத்த தேர்தலில், மிஞ்சியவர்கள் எனக்குத்தான் வாக்குப் போட்டார்கள்.”

பனி உருகத் தொடங்கிய ஒரு பின்னேரம் மறுபடியும் வந்தார். சுவரில் கையை வைத்துவிட்டு, மேடையில் பேசுகிறவரின் இனிய குரலில், “ஒன்றும் நடக்காது. நிம்மதியாகப் படுங்கள்” என்றார்.

அவர் படியேறியதும் மனைவி பிள்ளைகளின் ஜக்கெட்டுகளை எடுத்தாள். “வெளிக்கிடுங்கோ. அண்ணை வீட்டை போவம்.”

ஆற்றுத் தண்ணீர் வடிந்தபின் வந்து பார்த்தோம். அவர் கை வைத்த உயரத்தில் சேற்றுக்கோடு. மகளை அதன் அருகில் நிறுத்தினேன். கோடு அவள் தலைக்கு மேலே போனது.

வாசலில் அதே கழுத்துப்பட்டியோடு நின்றவர் எங்கள் ஒவ்வொருவரோடும் கைகுலுக்கினார். கடைசியில் மகளிடமும் குனிந்து கையை நீட்டினார், வாக்குக் கேட்டு வந்தவரைப் போல.