ஓடை வாயில் கேட்ட முனகல்

என் தங்கை எனெய்தா சிறுமியாக இருந்தபோது தோணியின் அடிப்பலகையில்தான் தூங்குவாள். அப்பா முன்னால் நின்று வலை வீசுவார். நான் பின்னால் துடுப்புப் போடுவேன். அவள் பலகையில் காது வைத்துப் படுத்திருப்பாள். அவளுக்கு ஒன்பது வயதானபோது எருமைப் பண்ணைக்காரர் ஒருவர் எங்கள் ஓடையின் வாயை மண்ணடித்து மூடினார். மக்தலேனா ஆற்றிலிருந்து எங்கள் ஏரிக்கு மீன் வரும் வழி அது. முப்பத்திரண்டு வருஷம் மூடியே கிடந்தது.

அதைத் திறக்க வைத்தவள் என் தங்கை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, மீன் அறுத்து உப்புப் போட்டு விற்று, இரண்டு பெண்களை வளர்த்தவள். நான்கு வருஷம் அலுவலகப் படியேறி, கையெழுத்தும் முத்திரையுமாக அனுமதி வாங்கினாள். நாற்பத்தாறு பேரை மண்வெட்டியோடு வரவழைத்தாள். பதினொரு சனிக்கிழமை வெட்டினோம். ஓடையை அடைத்திருந்த ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டோம். எருமைகள் மிதித்து மொட்டையாக்கிய கரையில் அறுநூற்றுப் பன்னிரண்டு மரக்கன்றுகள் நட்டோம். எண்ணியவன் நான்.

ஏப்ரலில் முதல் வெள்ளம் வந்தது. அந்த வாரம் முனகல் தொடங்கியது.

முதலில் கேட்டவன் எங்களோடு மண் வெட்டிய ரூபியேல். விடிகாலைப் பனியில் ஓடை வாயில் தோணி மேல் நின்றிருக்கிறான். சத்தம் காதுக்கு வரவில்லையாம், உள்ளங்காலுக்கு வந்ததாம். நிறையப் பேர் வாயை மூடிக்கொண்டு ஒரே சமயத்தில் முனகுவதுபோல. வீசிய வலையை அங்கேயே விட்டுவிட்டுக் கரை சேர்ந்தான். மறுநாள் இன்னும் ஆறு பேர் கேட்டார்கள்.

எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் துப்பாக்கிக் காலத்தில் மலையிலிருந்து ஓடிவந்தவர்கள். அந்த நாளில் ஆறு எத்தனை பிணங்களைக் கொண்டுவந்து ஓடையை மூடிய அந்த மண்கரையில் ஒதுக்கியது என்று அவர்களுக்குத் தெரியும். பயத்தில் யாரும் பெயர் கேட்கவில்லை. கரை மண்ணையே சரித்து மூடினார்கள்.

“கரைய வெட்டுறப்ப அவங்களையும் சேத்துத் தொறந்து விட்டுட்டோம்” என்றான் ரூபியேல்.

அதற்குப் பிறகு யாரும் துணி துவைக்கக்கூட அந்தப் பக்கம் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மணல்மூட்டை போட்டு ஓடையை மறுபடி மூடுவது என்று முடிவானது.

எனெய்தா யாரோடும் வாதாடவில்லை. வெள்ளிக்கிழமை காலை என்னைக் கூட்டிக்கொண்டு ஓடை வாய்க்குப் போனாள். துடுப்பின் அகன்ற முனையைத் தண்ணீரில் இறக்கி, பிடியின் நுனியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வெகுநேரம் அசையவில்லை.

“பொகாச்சிகோ மீனுண்ணா” என்றாள். “ஆண் மீனு. முட்டையிடுற சமயத்துல பொட்டையக் கூப்பிடுது. சின்னதுல பலகைக்கு அடியில இதக் கேட்டுக்கிட்டேதான தூங்குவேன்.”

அப்படியானால் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

“சொன்னா ஓடை பொழைக்கும். ஒத்திலியாம்மா?”

ஒத்திலியாம்மாவின் மகன் எவேலியோ பத்தொன்பது வருஷத்துக்கு முன் மீனுக்குப் போனான். தோணி மட்டும் திரும்பி வந்தது. முனகல் தொடங்கியதிலிருந்து அந்த அம்மாள் ஒருத்திதான் பயமில்லாமல் தினமும் அங்கே போய் உட்கார்ந்தாள். தண்ணீரைப் பார்த்துப் பேசுவாள். கூரை மாற்றியது, கோழி குஞ்சு பொரித்தது, அத்தை செத்தது. சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். கீழேயிருந்து முனகல் வரும். தலையாட்டிக்கொண்டு அடுத்ததைச் சொல்வாள். அதை நானே பார்த்திருக்கிறேன். பனிக்குள் அந்தத் தலை ஆடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மூட்டைகளோடு கரையில் கூடினார்கள். எனெய்தா ஒரே ஒரு முறை வலை வீசினாள். வந்ததில் ஒரு ஆண் மீனை எடுத்து இரு கையாலும் பிடித்து உயர்த்தினாள். அது அவள் கைக்குள் முனகியது. அதே சத்தம், சிறியதாக. கூட்டம் பின்வாங்கியது.

ரூபியேல் மட்டும் நகரவில்லை. “ஒரு மீனு கத்துச்சுன்னா ஆத்துக்குள்ள கத்துறதெல்லாம் மீனாயிருமாக்கா?”

அவள் மீனைத் தண்ணீரில் விட்டாள். பிறகு துடுப்பை எடுத்துப்போய் ஒத்திலியாம்மா முன்னால் நின்றாள்.

“நீங்களே கேளுங்கம்மா. நீங்க மூடச் சொன்னா மூடிருவோம்.”

அந்த அம்மாள் தோணியில் ஏறி, துடுப்பில் காது வைத்தாள். கால் மணி நேரம் இருக்கும். நிமிர்ந்தபோது முகம் ஈரமாக இல்லை. கொஞ்சம் அலுத்துப்போன முகமாகத்தான் இருந்தது.

“மீனுதான்” என்றாள். “எம்மவன் இவ்வளவு பேச மாட்டான்.”

துடுப்பை எனெய்தாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“ஆனா எல்லாமே மீனு இல்ல. மூடாதீங்க. சத்தம் இருக்கிற வரைக்கும் இங்க எவனும் வலை போடாதீங்க.”

மூட்டைகளைப் பிரித்து மணலைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள்.

ஜூன் மாதம் ஏரி ஓரத்தில் விரல்நீளக் குஞ்சுகளை எனெய்தா எனக்குக் காட்டினாள். எண்ண முடியாத அளவு. ஆற்றின் கீழ்ப்பக்கம் இரண்டு ஊர்க்காரர்கள் தங்கள் ஓடையையும் திறந்துதர வேண்டும் என்று அவளைத் தேடி வந்துவிட்டுப் போனார்கள்.

இப்போது ஒவ்வொரு முதல் வெள்ளத்துக்கும் முனகல் வருகிறது. பதினைந்து, பதினாறு நாள் இருக்கும். அந்த நாட்களில் ஓடை வாயில் யாரும் வலை வீசுவதில்லை. ரூபியேல்கூட சுற்றுவழியாகத்தான் போகிறான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு.