சந்தனம் அடைத்த துளைகள்

திருப்பதியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, குழாய்க்குள் வேர்க்கடலை பறப்பதைப் பார்ப்பதே எனக்கு உத்தியோகம். ஆளுயரப் பிளாஸ்டிக் குழாய், அடியில் கூம்பு. கூம்பின் நுனி வழியாகக் காற்றை ஊதினால் கடலை நடுவில் ஊற்றுப்போல் பாய்ந்து, உச்சியில் விரிந்து, ஓரத்தில் விழும். விழுந்தது சுவரை ஒட்டி மெல்ல இறங்கி மறுபடியும் காற்றில் மாட்டும். ஈரக் கடலையை உலர்த்த நல்ல வழி. காற்று முழுவதும் நடுவிலேயே போய்விடுகிறதா, ஓரத்துக் கடலைக்குள்ளும் கசிகிறதா என்பது என் கேள்வி.

நடுவில்தான் போகிறது என்று என் பேராசிரியர் இளமையில் ஒரு கட்டுரை எழுதி, அன்றிலிருந்து அதற்கே மாலை வாங்கிக்கொண்டிருந்தார். குழாயின் சுவரில் மேலும் கீழுமாகத் துளைகள் போட்டு, அடுத்தடுத்த இரண்டிரண்டையும் நிறத் தண்ணீர் ஊற்றிய வளைகுழாய்களோடு ரப்பர் குழாயால் இணைத்திருந்தேன். ஓரத்தில் காற்று ஓடினால் தண்ணீர் ஏறும். ஏறியது. மேல் துளைகளில் இன்னும் அதிகமாக ஏறியது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ரப்பர் குழாய் மாட்டத் தெரியாதவனுக்கு எதற்கு டாக்டர் பட்டம் என்று தெலுங்கில் கேட்டார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். வெளியே 'எஸ் சார்' என்றேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் அட்டெண்டர் புத்தூர்ப் பக்கத்துத் தமிழர். ரப்பர் குழாய்களைக் கழற்றி எல்லாவற்றையும் துடைத்து, துளைக்கு ஒன்றாகச் சந்தனப் பொட்டு வைத்து, அது காய்ந்த பிறகு குழாய்களைத் திரும்ப மாட்டிவிட்டார். விடுமுறை முடிந்து சித்தூரிலிருந்து பாகாலா வழியாக ரயிலில் வந்து காற்றைத் திறந்தேன். தண்ணீர் அசையவில்லை. ஒரு ரப்பர் குழாயைக் கழற்றியதுமே காரணம் தெரிந்தது; துளைக்குள் சந்தனம் இறுகியிருந்தது.

ஊசியால் ஒரு குத்து போதும். நான் குத்தவில்லை. சித்தூரில் மிஷன் காலத்திலிருந்தே சபையில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. கிறிஸ்தவப் பையன் பூஜைச் சந்தனத்தைச் சுரண்டிவிட்டான் என்று அட்டெண்டர் ஊரைக் கூட்டினால் என்ன ஆவது என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

பேராசிரியர் வந்தார். அசையாத தண்ணீரைக் கண்டதும் முகம் மலர்ந்து செல்போனில் படம் பிடித்தார். பழைய அளவுகளைக் குப்பையில் போடச் சொன்னார். போட்டேன். ஓரத்தில் காற்றே இல்லை என்று ஆய்வேடு எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்தவர், துளைகளைச் சோதித்தீர்களா என்று கேட்டார். சோதித்தேன் என்றேன். அதில் பொய் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பட்டம் கிடைத்ததும் இனிப்போடு போனேன். அட்டெண்டர் அடுத்த மாணவனுக்காகக் குழாயைக் கழுவிக்கொண்டு, துளைகளை ஈர்க்குச்சியால் குத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், எல்லாம் அடச்சிக்கினு கீது. பூஜ அன்னிக்கோட அது சரி, மறாநாள் தொடச்சா இன்னா தப்பு? ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே குத்தி எடுத்திருப்பேனே."

இனிப்பை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இந்த மனிதருக்குப் பயந்துதான் மூன்று வருட உழைப்பை நான் பொய்யாக்கினேன். பேராசிரியராவது அந்தப் பொய்யை நம்பினார்.