பூ விழுந்த மீன்

பள்ளிக்கூட வாசல் வரைக்கும் படித்தவள் நான். தம்பிக்குச் சோறு கொண்டுபோவேன். அவன் உள்ளே போவான், நான் திரும்பி வருவேன். ஆகவே என் மண்டையில் ஏறியதெல்லாம் நானே ஏற்றிக்கொண்டதுதான். அப்படி ஏற்றிக்கொண்ட ஒரு சங்கதியால், எட்டு வயதில், எங்கள் அப்பாவை ஒரே காலையில் பாதி ஆளாக்கினேன்.

கடல் தாண்டிப் பிழைக்க வந்த அப்பாவுக்கு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை. தூரத்தில் காட்டும் கொடியைப் பார்த்துத்தான் கம்பியை இழுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் வந்து, எட்டத்தில் ஓர் அட்டையைப் பிடித்து, எத்தனை கறுப்புப் புள்ளி என்று கேட்பார். தப்பாகச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் நாங்கள் குடியிருந்த ரயில்வே லைன் வீடும் போகும்.

அந்த வருஷம் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா சுவரில் கரியால் புள்ளி வைத்தாள். அப்பா வாசலில் நின்று எண்ணினார்.

"அஞ்சு."

"ஏழுங்க."

"வெளிச்சம் பத்தல."

"உச்சி வெயிலு அடிக்குதுங்க."

அம்மா சுவரைத் துடைத்துவிட்டு என்னைப் பிடித்தாள். "அப்பா கண்ணுல பூ விழுந்திருக்கு. வெளிய மூச்சு விட்டியோ, வாயில சூடு வச்சிருவேன்."

பூ என்றால் எனக்குச் செம்பருத்தி, மல்லிகை. அது எப்படிக் கண்ணில் விழும்? அப்பா அசந்து தூங்கும்போது இமையை விரித்துப் பார்த்தேன். கருமணியில் வெள்ளையாக, தண்ணீர் ஊற்றிய பால் மாதிரி இருந்தது. அட, இதை நான் பார்த்திருக்கிறேனே!

செங்கல்லுக்கு மண் தோண்டிய பள்ளங்கள் எங்கள் லைனுக்குப் பின்னால் குட்டையாகக் கிடந்தன. அங்கே சில மீன்களுக்கு இதே கண். கொக்கு பக்கத்தில் வந்து நின்றாலும் நகராது. நானும் கையாலேயே பிடிப்பேன். எல்லாம் என் கைவாகு என்று லைன் பூராவும் பீற்றிக்கொண்டிருந்தேன். குருட்டு மீன் பிடிக்கப் பெரிய வேட்டைக்காரி!

அந்தக் குட்டைக்கு ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற டிரசர் ஒருவர் வாளியோடு வருவார். அவருடைய துரைக்கு ஆராய்ச்சிக்கு மீன் கண் வேண்டுமாம். மறுநாள் அவரிடம் இரண்டு மீனை நீட்டினேன்.

"இந்தாங்கண்ணே, பூ விழுந்த மீனு."

அவர் சிரித்தபடி மீன் கண்ணைக் கீறி, ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். பொடிப்பொடியாக என்னவோ நெளிந்தது.

"பூ இல்ல புள்ள, பூச்சி. கொக்கு வயித்துல முட்டை போடும், நத்தைக்குள்ள வளரும், கடைசியில மீனு கண்ணுல வந்து குடியிருக்கும். பொறந்தது ஒரு ஊரு, வளந்தது ஒரு ஊரு, பொழைக்கிறது ஒரு ஊரு. நம்ம ஆளுங்க மாதிரிதான் லா."

"எல்லா மீனுக்கும் ஒரே பூச்சியாண்ணே?"

"அதான் இல்ல. கெண்டைக்கு ஒரு ஜாதி, விராலுக்கு ஒரு ஜாதி. ஒரே கண்ணுலயே மணிக்குள்ள ஒரு ஜாதி, மணிக்குப் பின்னால ஒரு ஜாதி. தொரை இன்னும் எண்ணி முடிக்கல. ஆனா மனுஷன் கண்ணுல..."

மனுஷன் கண்ணில் என்ன என்று கேட்க நான் அங்கே இல்லை. பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். கெண்டைக்கு ஒன்று, விராலுக்கு ஒன்று என்றால் ரயில்வேக்காரருக்கென்று ஒரு ஜாதி இருக்காதா?

பூச்சிக்கு மருந்து எனக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அம்மா என் மூக்கைப் பிடித்து ஊற்றுகிற விளக்கெண்ணெய்தான். எனக்கு ஒரு கரண்டி. அப்பா என்னைப்போல் நாலு ஆள் கனம். ஆக நாலு கரண்டி. பள்ளிக்கூடம் போகாமலே கணக்கு எப்படி வந்தது பாருங்கள்.

பரீட்சை அன்று காலை அம்மா குழாயடிக்குப் போன நேரம், சட்டிக் கோப்பியில் எண்ணெயை ஊற்றிக் கலக்கினேன். கலக்கினேன் என்பது பேச்சுக்கு. எண்ணெய் மேலே, கோப்பி கீழே, இரண்டும் கடைசிவரை ராசியாகவில்லை.

அப்பா வெளுத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். குவளையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"கோப்பி யாரு தாயி கலக்குனது?"

"நாந்தாம்ப்பா. நல்லா இருக்கா?"

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார், புள்ளி வைத்திருந்த இடத்தை. பிறகு கடகடவென்று குடித்து முடித்துக் குவளையை நீட்டினார்.

"அருமையா இருக்கு. சட்டியில இன்னும் இருக்கா?"

இருந்ததையும் ஊற்றினேன்.

டாக்டர் முன்னால் நிற்க வேண்டியவர், அன்று முழுக்க வீட்டுக்கும் கக்கூசுக்கும் இடையே ரயில் விட்டார். கூப்பிட வந்த ஸ்டேஷன் ஆள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பேதி என்று சொல்லிவிடுவதாகத் திரும்பி ஓடினான். அம்மா காலி எண்ணெய்க் குப்பியைக் கையில் எடுத்து என் பக்கம் திரும்பினாள். அவள் வாயைத் திறக்குமுன்பே கக்கூசிலிருந்து குரல் வந்தது: "புள்ளைய அடிக்காத!"

நாலு நாள் லீவு கிடைத்தது. நாலாவது நாள் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு யார்டில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணி வீட்டுக்குப் போனார்.

"கம்பி இழுக்கிற வேலை வேணாங்க ஐயா. நான் தப்பா இழுத்தா எவன் உசுராவது போயிரும். சிக்னல் விளக்குத் தொடைக்கிற வேலை குடுங்க."

விளக்குத் துடைப்பவர்களுக்குப் புள்ளிப் பரீட்சை கிடையாது. சம்பளம் கொஞ்சம் இறங்கியது, வீடு தங்கியது. அப்பா விளக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். பிசுக்கு இருந்தால் மறுபடி துடைப்பார்.

அப்பா கண்ணுப் பூச்சியை நான்தான் விரட்டினேன் என்று பல வருஷம் சொல்லித் திரிந்தேன். அவரும் மறுக்கவில்லை. "ஆமா, தாயி போட்ட கோப்பிதான் நம்ம வீட்டக் காப்பாத்துச்சு" என்பார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன்.

பின்னாளில் என் மகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தேன். நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதுமே என் சேலையெல்லாம் துப்பிவிட்டாள். துடைக்கத் துணியெடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்குப் பூ விழுந்தது கண்ணில்தானே. நாக்கில் இல்லையே.