நுனியில் ஒட்டிய விபூதி

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளாகச் சேருவதற்கு முன் நான் தறிகளுக்குப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்தான் பாவு. தீரப்போகும் பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்கிற வேலை. சாம்பல் இல்லாவிட்டால் பட்டு வழுக்கும்.

ஆய்வுக்கூடத்தில் சின்னக் காஞ்சிபுரத்து மேடம் ஒருவர் ஆராய்ச்சி செய்துவந்தார். கண்ணுக்கே எட்டாத சின்ன இடத்திலிருந்து வரும் ஒளியைப் படம் பிடிப்பது அவர் வேலை. முடியைவிட மெல்லிய கண்ணாடி இழையை ஊசிபோல் கூராக்கி, கைக்கடிகாரத்துக்குள் அதிர்ந்துகொண்டிருக்குமே, அந்த இரண்டு கால் குட்டிக் கவையில் ஒட்டி, படிகத் துண்டின்மேல் படாமல் நகர்த்துவார். அதற்கு முன் திரவ நைட்ரஜன் ஊற்றி எல்லாவற்றையும் குளிரவைப்பார்.

"சூட்டுல எல்லாம் ஆடிண்டே இருக்கும். நிறமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்" என்று ஒருமுறை சொன்னார். ஆடுகிற பாவில் இழை எண்ண முடியாது என்பது எனக்குத் தெரியும். சொல்லத்தான் கூச்சம்.

ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் பெட்டியைச் சென்னையிலிருந்து இரவல் வாங்கியிருந்தார். மறுநாள் காலை திருப்பித் தர வேண்டும். அதற்குள் ஒரு படம் கிடைக்காவிட்டால் இரண்டு வருட உழைப்பு வீண். அன்றைக்கென்று பார்த்து ஒட்டும்போதே நான்கு இழைகள் உடைந்துவிட்டன. மிச்சம் ஒன்று.

"நான் ஒட்டட்டுமா மேடம்?" என்றேன். அவரிடம் நானாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அலமாரியில் ஆயுத பூஜைக்கு வைத்த விபூதிப் பொட்டலம் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து விரல்களில் தேய்த்துக்கொண்டேன்.

"சாமி கும்பிட்டுண்டேளா? நன்னா வேண்டிக்கோங்கோ அண்ணா."

இழை உடையாமல் ஒட்டியது. குளிரவைத்தார். திரையில் படம் வந்தது. எங்கே நகர்த்தினாலும் ஒரே மங்கல் வெளிச்சம்.

"இது படிகம் இல்லையே. நுனியில என்னமோ ஒட்டிண்டிருக்கு."

நான் வாயைத் திறக்காவிட்டால் அது என்னவென்று தேடியே அவருக்குப் பொழுது போய்விடும்.

"சாம்பல் மேடம். பாவு பிணைக்க சாம்பல் தொட்டுக்கினுதான் இழையத் தொடுவோம். பழக்கத்துல கை போயிட்ச்சு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "அண்ணா, நாங்க நாமம் போடறவா. என் நுனிக்குப் போய் பட்டை போட்டுட்டேளே."

நைட்ரஜன் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. இழையைத் துடைத்தால் உடையும். வீட்டுத் தறியிலிருந்து என் சட்டையில் ஒட்டிவந்திருந்த பட்டு நூல் ஒன்றை எடுத்து, கழுவுகிற திரவத்தில் நனைத்து, அதன் துளி மட்டும் நுனியில் படும்படி காட்டினேன். மூன்று துளிகள். அவர் மூச்சுவிடவில்லை. நானும்தான்.

மறுபடி குளிர்ந்தது. மங்கலாக ஒரே பட்டையாக இருந்த ஒளி, திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கோடுகளாகப் பிரிந்து நின்றது. மாலைக்குள் படம் முடிந்தது. பெட்டி மறுநாள் காலை சென்னைக்குப் போனது.

விபூதிப் பொட்டலம் வாட்ச்மேன் அறைக்கு மாறியது. அன்றிலிருந்து இழை ஒட்டுவது என் வேலை. ஒவ்வொரு முறையும் மேடம் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, கையைக் காட்டுங்கோ."