கல்லுக்கு வடைமாலை

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் அம்மா துப்புரவு வேலைக்குப் போன வீட்டுப் பின்தோட்டத்தில், ஒரு மரத்தடியில், என் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. முகத்தில் எழுத்துகள். ஒரு விளிம்பு நெடுகக் கத்தியால் கீறியதுபோலச் சின்னச் சின்ன வெட்டுகள். மரத்தின் கீழ் தனியாக ஒரு கல் நின்றால் அது வைரவர்தான் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு மூன்று தரம் சுற்றி வருவார்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். அவர் வந்து சேர்ந்தால் வடைமாலை சாத்துவதாக அம்மா அந்தக் கல்லிடம் நேர்ந்துவிட்டார்.

"தம்பி, அதில என்ன எழுதிக் கிடக்கெண்டு ஐயாவிட்டைக் கேள்."

வெட்கத்தோடு கேட்டேன். வீட்டுக்காரக் கிழவர் மகிழ்ந்துபோனார். வேல்ஸில் அவருடைய ஊரில் ஆயிரத்தைந்நூறு வருடப் பழைய கல் ஒன்று இருக்கிறதாம். இது அதைப் பார்த்துச் செய்தது. முகத்தில் லத்தீன், விளிம்பில் ஓகம் என்ற எழுத்து. இரண்டிலும் ஒரே ஆளின் பெயர். இன்னாரின் மகன் இன்னார், இங்கே கிடக்கிறான்.

அது கல்லறைக் கல். அதைச் சொன்னால் அப்பாவின் விசா அதோடு போயிற்று என்றே அம்மா நினைப்பார்.

"தேப்பன்ர பேரும் மகன்ர பேரும் போட்டிருக்காம்" என்றேன்.

"பாத்தியே, உங்கள் ரெண்டு பேரையும் சேத்து வைக்கத்தான் இவர் இஞ்ச வந்து நிக்கிறார்."

அடுத்த கோடையில் அப்பா வந்தார். அந்தக் கிழமையே அம்மா உளுந்து வடை சுட்டு, மாலையாகக் கோத்துக் கல்லுக்குப் போட்டார். கிழவர் படம் பிடித்தார். வடையில் மிளகு போடுவதும் சமயச் சடங்கா என்று என்னிடம் கேட்டுக்கொண்டே நாலு வடை சாப்பிட்டார்.

அப்பா மட்டும் குனிந்து, கல்லின் அடியிலிருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கல்லறை என்பது உட்பட எல்லாமே இங்கிலீசில் இருந்தது. நான் மெல்ல அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னப்பா அப்பிடிப் பாக்கிறியள்?" என்றார் அம்மா.

அப்பா நிமிர்ந்து என்னை ஒருதரம் பார்த்தார்.

"ஒண்டுமில்லை. தேப்பன்ர பேரும் மகன்ர பேரும் போட்டிருக்கு" என்று சொல்லி, மாலையிலிருந்து ஒரு வடையைப் பிய்த்து என் வாயில் வைத்தார்.

அப்பாவுக்கு இங்கிலீசு தெரியாது, அம்மா சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார் என்று நினைத்து நிம்மதியாக மென்றேன். யாழ்ப்பாணத்தில் அவர் தந்திக் கந்தோரில் வேலை பார்த்தவர். தந்தியெல்லாம் இங்கிலீசில் வரும் என்பதும், சாவுச் செய்தியானாலும் அதை வாசித்துத் தந்தி வந்த வீட்டாருக்குப் பதமாகச் சொல்வதும் அவருடைய வேலைதான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.