அக்கா நட்டாச்சா?

அந்தத் தெருவில் அவளுக்கு வானிலை அக்கா என்று பெயர். பெயர் வைத்தவர் விதைக்கடைக்காரர். காரணம் ஒரு கடைவாய்ப் பல்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வசந்தத்தில் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. தெருக்கோடி வரை எல்லோரும் தக்காளி நாற்றைத் தோட்டத்தில் இறக்கினார்கள். இவள் மட்டும் இறக்கவில்லை. பல் சொத்தையாகி, கன்னம் பூசணிக்காயாக வீங்கி, கட்டிலில் சுருண்டு கிடந்தாள். அந்த வாரமே உறைபனி விழுந்து, ஊர் நாற்றெல்லாம் வேகவைத்த கீரையாகத் துவண்டது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு இவள் எழுந்து வந்தபோது, அந்தப் பக்கத்தில் உயிரோடு இருந்தது இவள் வீட்டு நாற்று மட்டும்தான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழத்தை இழந்தவர்கள் எல்லோரும் காக்கையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

எப்படித் தெரிந்தது என்று விதைக்கடைக்காரர் கேட்டார். வாயில் பஞ்சு இருந்ததால் அவள் மேலே பார்த்துக் கையை விரித்தாள். எனக்கென்ன தெரியும் என்றுதான் அதற்கு அர்த்தம். வானத்தைப் படிக்கிறாள் என்று அவர் ஊருக்குச் சொன்னார்.

பஞ்சை எடுத்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மரியாதை என்பது வெந்நீர் ஒத்தடம் மாதிரி. வைத்த நேரத்தில் சுகமாக இருக்கும், எடுக்க மனசு வராது, அதிக நேரம் வைத்தால் தோல் வெந்துபோகும். அவளும் எடுக்கவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் விதைக்கடை வாசலில் நின்று ஒரு சிட்டிகை மண்ணை முகர்ந்து பார்ப்பாள். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்பாள். பொறுக்கச் சொல்வதில் ஒரு வசதி, அது தப்பாகப் போனாலும் யாருக்கும் தெரியாது.

இந்த வசந்தத்தில்தான் ஒத்தடம் சுடத் தொடங்கியது.

குளிர்காலம் முடியும் நேரத்தில் அவள் கணவர் ஈரப் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் வெயில் வரும் அறை ஒன்றே ஒன்று. நோயாளிக்கு வெயில் வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நாற்றுக்கும் வேண்டும், அதை யாரும் சொல்லத் தேவையில்லை. ஆகவே அவர் கட்டிலைச் சுற்றித் தக்காளித் தட்டுகள், தலைமாட்டில் மிளகாய், கால்மாட்டில் கத்தரி. அவர் தினமும் நாலு கால் வைத்த கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்து நடந்து பழக வேண்டும். சட்டத்தின் கால் ஒரு தட்டிலாவது இடிக்கும். அவள் முதலில் நாற்றைப் பார்ப்பாள், பிறகு அவரைப் பார்ப்பாள். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

வெளியே பருவம் கிறுக்குப் பிடித்துத் திரிந்தது. காலையில் விசிறி தேட வைக்கும், மதியம் குடை, சாயங்காலம் கம்பளி. ஒருநாள் பட்டாணி அளவு ஆலங்கட்டி விழுந்து, அவள் கீரை போட்டிருந்த பிளாஸ்டிக் கூடாரம் சல்லடையானது. மறுநாள் அதே கூடாரத்துக்குள் புழுக்கத்தில் கீரை பூத்தது. போன் வெயில் என்றது, வானொலி பனி என்றது. ஜன்னல் இரண்டையும் காட்டியது.

தட்டில் இருந்த நாற்றுக்கோ வயது முற்றிக்கொண்டே போனது. தண்டு வெளிறி நீண்டு ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டியது. அடி இலை மஞ்சளானது. தட்டின் துளை வழியே வேர் வெளியே வந்து, இறங்க மண் இல்லாமல் சுற்றியது. தட்டிலேயே பூ விட்டுவிட்டது ஒன்று. இனியும் பொறுத்தால் இந்த வருடம் தக்காளி கிடையாது. கணவர் கட்டிலில் கிடக்கும் வருடத்தில் அந்த வீட்டுக்கு அதை விட்டால் வேறு விளைச்சல் இல்லை.

நட வேண்டியதுதானே என்றால், அதுதான் முடியாது. அவள் நட்டால் தெருவே நடும். பனி விழுந்தால் தெருவின் நாற்று முழுக்க அவள் தலையில் விழும். புலி வாலைப் பிடித்தவள் புலி எங்கே போகிறது என்று கேட்க முடியுமா?

காலையில் கதவைத் திறந்தாலே வேலியோரம் யாராவது நிற்பார்கள். "அக்கா, நட்டாச்சா?" முள்வேலிக்கு அந்தப் பக்கம் கணவரின் தங்கை வீடு. நாத்தனாருக்கு அண்ணி மேல் பெரிய மதிப்பு கிடையாது, ஆனால் அண்ணியின் தோட்டத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். ஒருநாள் அக்கா, நட்ட நாற்றில் பனி படாமல் மூடும் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டாள். மதியத்துக்குள் தெருவில் பாதிப் பேர் குழி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். துணியை ஈரத்தோடு சுருட்டி உள்ளே கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதன் பிறகு வாய்க்கால் அடைப்பு எடுக்கப் போனால்கூட மண்வெட்டியைப் போர்வையில் சுற்றி, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மெல்ல நடந்து போனாள்.

"இந்தத் தக்காளிக்கு என்னைவிட வயசாயிடும் போல," என்றார் கணவர். "ஒண்ணு அதை வெளியே அனுப்பு, இல்ல என்னை அனுப்பு."

"உங்களை அனுப்பினா யார் பாத்துக்குவா?"

"இப்ப மட்டும் யாரு பாக்குறா? நேத்து மருந்துக்குப் பதிலா எனக்கு வேப்பம் புண்ணாக்கு கரைக்கப் பாத்தே."

அது உண்மைதான். இரண்டு குவளையும் ஒரே ஜன்னலில் இருந்தன. அன்றைக்குத்தான் அவளுக்குப் புத்தி வந்தது. சீழ் பிடித்த இடத்தைக் கீறித்தான் ஆக வேண்டும். செருப்பை மாட்டிக்கொண்டு விதைக்கடைக்குப் போனாள்.

கடையில் கூட்டம். நாத்தனாரும் இருந்தாள். அக்காவைக் கண்டதும் பேச்சு நின்றது. அவள் மண்ணை முகரவில்லை, மேலேயும் பார்க்கவில்லை.

"எனக்கு வானமும் தெரியாது, பூமியும் தெரியாது. அந்த வருஷம் எனக்குப் பல்வலி. எழுந்திருக்க முடியல, அதனால நடல. அவ்வளவுதான். இனிமே என்னைக் கேக்காதீங்க."

தராசுத் தட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் சேர்ந்து திட்டப் போகிறார்கள் என்று அவள் காத்திருந்தாள். விதைக்கடைக்காரர் மெதுவாக முன்னால் குனிந்தார்.

"இப்ப பல்லு எப்படிக்கா இருக்கு?"

"பல்லுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு."

கடைக்குள் ஒரு பெருமூச்சு ஓடியது. அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க நட்டு முடித்துவிட்டது. அக்காவுக்குப் பல் நன்றாக இருக்கிறது, இனிப் பனி கிடையாது என்று வீடு வீடாகச் செய்தி போயிற்று. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கணவர் சிரித்துச் சிரித்துத் தையல் வலிக்கிறது என்று அழுதார்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. அவளும் நட்டாள். நீண்டுபோன தண்டைப் பாதிவரை மண்ணுக்குள் சாய்த்துப் புதைத்தாள், அப்போதுதான் தண்டிலும் வேர் விடும். முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு நிமிர்ந்தபோது, பல மாதங்களில் முதல் தடவையாக அவளை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எல்லோரும் அவரவர் தோட்டத்தில் குனிந்திருந்தார்கள்.

இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். நாற்று பச்சை பிடித்தது. அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் காற்று அடியோடு நின்றது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, ஒரு மேகம் இல்லை. காது மடல் சில்லென்றது. உறைபனி வரும் சாயங்காலம் அப்படித்தான் இருக்கும். இதற்கு ஞானதிருஷ்டி எதுவும் வேண்டாம், காது இருந்தால் போதும். ஆனால் அந்தத் தெருவில் யாரும் சொந்தக் காதை நம்புவதாக இல்லை.

அவள் வேலிக்குப் போய் நாத்தனாரைக் கூப்பிட்டாள். பனி வரப் போகிறது, நாற்றை மூடு, தெருவுக்கும் சொல் என்றாள்.

நாத்தனார் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "பல்லு வலிக்குதா அண்ணி?"

"பல்லை விடு. காத்து நின்னு போச்சு பாரு."

"வலிக்குதா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"இல்ல."

"அப்ப எதுக்கு வீணா பயமுறுத்துறீங்க?" என்று சொல்லி நாத்தனார் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகத் தக்காளியும் மிளகாயும் போர்த்த ஒன்றுமில்லாமல் நின்றன. அதற்கும் அப்பால் அடுத்த தோட்டம், அதற்கடுத்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

அக்கா ஒரு நிமிஷம் நின்றாள். நாலு நாளைக்கு முன்னால்தான் கடையில் மானத்தை விட்டு உண்மையைச் சொல்லிவிட்டு, இனிப் பொய் வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதிக்கு ஆயுசு அவ்வளவுதான். வலது கையைத் தூக்கிக் கன்னத்தில் வைத்தாள். கண்ணை இறுக மூடினாள்.

"அம்மா," என்றாள் மெதுவாக.

நாத்தனார் கையிலிருந்த வாளி கீழே விழுந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெரு ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். படுக்கை விரிப்பு, ஜன்னல் திரை, சாக்கு, மேஜைத் துணி எல்லாம் வெளியே வந்தன. துணி இலையில் படக் கூடாது, குச்சி ஊன்றி மேலே போடுங்கள், வேரடியில் முதலில் தண்ணீர் விடுங்கள் என்று அவள் ஒவ்வொரு வேலியாகப் போய்ச் சொன்னாள். சொல்லும் போதெல்லாம் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் போர்வையையும் எடுத்துவிடுவார்கள். தன் தோட்டத்துக்குத் துணி போதாமல் கணவர் போர்த்தியிருந்த கம்பளியை உருவினாள். எதற்கு என்று அவர் கேட்டார். தக்காளிக்கு என்றாள். அவர் ஜன்னல் திரையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

விடிந்தபோது புல் எல்லாம் வெள்ளையாக மொறுமொறுத்தது. வெயில் ஏறிய பிறகு துணியை எடுத்தார்கள். ஓரத்தில் சில செடிகள் கருகியிருந்தன, மிளகாயில் கொஞ்சம் போயிற்று. மற்றதெல்லாம் பிழைத்தது. அவள் தன் வரிசைகளை ஒரு முறை நடந்து பார்த்தாள். ஒவ்வொரு தண்டையும் நாடி பார்ப்பதுபோல இரண்டு விரலால் தொட்டாள். விறைப்பாகத்தான் இருந்தன.

விதைக்கடைக்காரர் தலைமையில் ஒரு கூட்டம் வாசலுக்கு வந்தது. அக்கா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அந்தப் பல் பிடுங்கிப் போட்டு வருடக்கணக்காயிற்று என்றாள். இல்லாத பல்லே இப்படி வலித்துச் சொல்கிறதென்றால் இருந்திருந்தால் எப்படியிருக்கும் என்று அவர்கள் வியந்தார்கள். "மத்தப் பல்லு எதையும் பிடுங்கிடாதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார், கண்ணில் உண்மையான கவலையோடு.

உள்ளே தட்டுகள் போய்விட்ட அறையில் கணவர் சட்டத்தைப் பிடித்து, எதையும் இடிக்காமல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தார். பிறகு வாசல் வரை வந்தார். விழுந்த பிறகு முதல் தடவையாக. அக்கா கையைக் கொடுக்காமல் பக்கத்தில் மட்டும் நின்றாள், கொடுத்தால் சாய்ந்துவிடுவார். கூட்டம் நலம் விசாரித்தது.

"எனக்கும் ரெண்டு நாளா இடுப்பு வலிக்குது," என்றார் அவர். "அதுக்கு என்ன பலன்னு பாருங்க."

விதைக்கடைக்காரர் சிரிக்கவில்லை.

"இடது பக்கமா, வலது பக்கமா?" என்று கேட்டார்.