ஜன்னல் வழியாகப் போன நீல ஒயர்

சூடேறிய பிளாஸ்டிக்கும் கரிசல் தூசியும் கலந்தால் ஒரு வாடை வரும்... வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை மனுசருக்கு இல்லாமல், மூடி கழற்றிய கம்ப்யூட்டருக்குத் திருப்பி வைத்திருந்தோம்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் வீடு. சித்திரை வெயில். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் செல்விதான் இதைத் தட்டுகிறாள். ஞாபகம் மட்டும் என்னுடையது.

அப்போது செல்வி கைப்பிள்ளையோடு எங்களிடம் இருந்தாள். மாப்பிள்ளை லாரியில் போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. பிள்ளையை விட்டுவிட்டு மில்லுக்குப் போக அவளுக்கு மனசில்லை. வீட்டிலேயே டைப்பிங் வேலை பிடித்தாள். அருப்புக்கோட்டை டியூசன் வாத்தியார் ஒருவர் கேள்வி-பதில் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருந்தார். இது நல்லபடியாக முடிந்தால் எல்லா வகுப்புக்கும் அவளுக்கே வேலை. முடியாவிட்டால் மில்லுதான்.

அன்று சாயங்காலம் வாத்தியார் வாங்க வருகிறார். புத்தகம் முழுக்கச் செல்வியின் பழைய மிசினுக்குள். அதுவோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. சூடானால் அணைந்துவிடும், அணைந்தால் மறுபடி எழுந்திருப்பது அதன் இஷ்டம். பென் டிரைவைச் செருகினால் ஏறெடுத்தும் பார்க்காது.

பின்னறையில் மருமகள் பாண்டியம்மாளிடம் புது மிசின் இருந்தது, மகன் வாங்கிக் கொடுத்தது. ரெண்டுக்கும் நேராக ஒயர் போட்டுப் புத்தகத்தைக் கடத்திவிடலாம் என்று முடிவானது.

முதலில் வாங்கிய ஒயருக்கு லைட்டே எரியவில்லை. "ரெண்டு மிசினை நேராக் கோக்க கிராஸ் கேபிள்னுல்ல கேக்கணும்" என்றார் கடைக்காரர். பஸ் ஏறிப் போய் மாற்றி வந்தேன். நீல ஒயர். ஜன்னல் கம்பிக்குள் விட்டு இந்த அறைக்கும் அந்த அறைக்கும் செருகினதும், ரெண்டு பக்கமும் பச்சை லைட்! எனக்கு அதுவே போதும் போலிருந்தது.

ஆனால் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியவில்லை.

"மதினி, என் மிசினு அங்க தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலத்தா."

"மிசினு நம்பரு எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ரெண்டு. மாத்திப் போட்டீகளா?"

"நாந்தான் இந்த வீட்ல எப்பவும் ரெண்டாவதாச்சே... சரியாத்தான் போட்டிருக்கேன்!"

சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சத்தம். பேத்தியை மடியில் போட்டிருந்த என் வீட்டுக்காரி ராக்காயி, "நீங்க கத்துற கத்துக்கு அந்தப் புத்தகம் தானா நடந்து போயிரும்" என்றாள்.

நம்பரைச் சரிபார்த்தார்கள். மிசினுக்குக் காவல் போட்டிருந்த எதையோ நிறுத்திப் பார்த்தார்கள். ஒயரை உருவித் திரும்பச் செருகினார்கள். செருகும்போதெல்லாம் பின்னறை மிசினில் ஏதோ எழுத்து வரும். பாண்டியம்மாள் ஓகேயை அமுக்கிவிடுவாள். ஒரு தடவை பின்னறைக்குப் போன செல்வி அதைப் பார்த்துவிட்டாள்.

"படிக்காம எதுக்கு மதினி அமுக்குறீக?"

"அது எந்நேரமும் எதையாச்சும் சொல்லிக்கிட்டேதான் இருக்கும், உங்க அண்ணன் மாதிரி."

மறுபடி செருகி, இந்த முறை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். இதே பேரில் இன்னொரு மிசின் இருக்கிறதாம்.

"உங்க மிசினுக்கு என்ன பேரு வச்சீக?"

"கருப்பசாமி."

செல்வி தலையில் கை வைத்தாள். "எனக்கும் அதே பேருதான் மதினி."

எங்கள் குலசாமி. வண்டி வாங்கினாலும் கடை போட்டாலும் எங்கள் பக்கம் வேறு பேர் யோசிப்பதில்லை. பந்தல்குடி ரோட்டில் அந்தப் பேரில் எத்தனை லாரி போகிறது... ஒன்றும் ஆவதில்லை. ஒயருக்குள் மட்டும் ஆகாதாம்.

"நீ கட்டிக்குடுத்துப் போனவ. உனக்கு உன் மாமியா வீட்டுச் சாமி. கருப்பன் இப்ப எனக்குத்தான் தாயி."

"பொறந்த வீட்டுச் சாமிய வாசல்லயே கழட்டி வச்சிட்டா போவாக?"

சிரிப்பாகத்தான் தொடங்கியது. ஆனால் பேரை மாற்றினால் மிசினை அணைத்துப் போட வேண்டும். செல்வியின் மிசினை அணைத்தால் எழுந்திருக்குமோ என்னவோ. ஆக, மாற்ற வேண்டியது பாண்டியம்மாளுடையதை. அவள் அதற்குச் சந்தனம் வைத்து, நரிக்குடிப் பக்கம் கோயிலில் தேங்காயும் உடைத்து வந்தவள்.

"சாமி பேர வச்சிட்டு எடுக்குறதா... கை வர மாட்டேங்குது செல்வி."

செல்வி வற்புறுத்தவில்லை. பிள்ளையைப் பார்த்தாள். முன்னறை மிசின் உர்ரென்றது. சாமி விசயம், எனக்கும் வாய் வரவில்லை.

ராக்காயிதான் கேட்டாள். "ஏத்தா, கோயில்ல கருப்பன் தனியாவா நிக்கிறாரு? பக்கத்துல ஆரு?"

"ராக்காயி அம்மன், அத்த."

"பின்ன என்ன? அவ பேர வையி. சாமிய எடுத்ததா ஆகாது, பக்கத்துல சாமிய வச்சதா ஆகும்."

பாண்டியம்மாள் மிசினில் வைத்த சந்தனத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "உங்க பேர வச்சா எம்மிசினு எஞ்சொல்லு கேக்குமா அத்த?" என்று சிரித்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு, பேரை மாற்றினாள்.

அணைந்தது. எழுந்தது. ரெண்டு சின்னப் படம் பக்கத்தில் பக்கத்தில், கீழே பேர் எழுத்து. "இது கருப்பசாமி, இது ராக்காயி" என்று செல்வி எனக்குத் தொட்டுக் காட்டினாள். பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து நிறையும்வரை யாரும் பேசவில்லை. பேசினால் மிசின் அணைந்துவிடும் என்பதுபோல.

வாத்தியார் வந்தார், காப்பி குடித்தார், வாங்கிக்கொண்டு போனார். மில் பேச்சு அதோடு நின்றது.

இன்றைக்கு மதினியும் நாத்தனாரும் சேர்ந்து அருப்புக்கோட்டையில் டைப்பிங் கடை வைத்திருக்கிறார்கள். ஒயர் இல்லை, எல்லாம் காற்றிலேயே போகிறது. வீட்டுக்குள்ளேயே போனில் மெசேஜ் போட்டுக்கொள்கிறார்கள்... அந்தச் சத்தம்தான் இல்லை.

ராக்காயியும் இல்லை. அன்று மடியில் கிடந்த பேத்தி கம்ப்யூட்டர்தான் படிக்கிறாள். வீட்டு வைஃபைக்கு அவள் வைத்த பேர் ராக்காயி.

எனக்கு இன்றும் படிக்கத் தெரியாது. ஆனால் ராக்காயி என்று அன்று செல்வி தொட்டுக் காட்டிய அந்த எழுத்தின் உருவம் தெரியும். வெளியூர் போய்விட்டு வாசலுக்கு வந்தால், என் போன் யாரையும் கேட்காமல் அவளோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது.